வாலா, கிளிப்பா, குமிழா? மூன்று கையடக்க ஹெட்போன் ஆம்ப்கள்

கையடக்க ஆம்ப் (போனின் ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் கருவி) வாங்கப்போகிற எல்லாரும் முதலில் கேட்பது “எதில் சவுண்ட் நல்லா இருக்கும்?” என்றுதான். நான் இங்கே ஒப்பிடும் மூன்றிலும் சவுண்ட் நன்றாகவே இருக்கிறது. ஒலி அளவைச் சமமாக வைத்து, சாதாரண இயர்போனில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தினமும் பையில் ஏறுவது எது, மேஜை டிராயரிலேயே கிடப்பது எது என்று பார்த்தால் வித்தியாசம் பெரிது. கேபிள், வால்யூம், பேட்டரி, சட்டைப் பை ஆகிய நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

எடுத்துக்கொண்டவை இவை. முதலாவது, ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் அடாப்டர். அமெரிக்காவில் 9 டாலர். வால் மாதிரி போனில் தொங்கும். இரண்டாவது, கொரியாவைச் சேர்ந்த சிறிய நிறுவனம் ஒன்றின் குடெலிக்ஸ் 5கே; சுமார் 100 டாலர். சட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளலாம், புளூடூத், யூ.எஸ்.பி. இரண்டிலும் வேலை செய்யும். மூன்றாவது, பிரிட்டனின் ஐஃபை 2020-ல் கொண்டுவந்த ஹிப்-டாக். அப்போது சுமார் 150 டாலர். நடுவில் பெரிய வால்யூம் குமிழ் கொண்ட உலோகப் பெட்டி.

ஆப்பிள் வாலைப் பலர் வெறும் கன்வெர்ட்டர் வயர் என்று நினைக்கிறார்கள். அந்தச் சின்னத் தலைக்குள் டாக் (டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் சிப்), ஆம்ப் இரண்டுமே இருக்கின்றன. அவுட்புட் இம்பீடன்ஸ் (ஒலி வெளிவரும் முனையின் மின் தடை) 1 ஓமுக்கும் குறைவு என்பதால் பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பகுதி) வைத்த நுணுக்கமான ஐ.இ.எம்.களின் (காதுக்குள் செருகும் இயர்போன்களின்) குரல் மாறாது. பின்னணி இரைச்சலும் கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்கப் பதிப்பு ஏறத்தாழ 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பியப் பதிப்பு அதில் பாதிதான். அதனால் பாரிஸிலிருந்தோ பெர்லினிலிருந்தோ வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வதாக இருந்தால், மாடல் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஏ2155 என்றால் சத்தம் குறைந்தது, ஏ2049 என்றால் முழு அளவு.

ஐபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். இந்த அடாப்டருக்குள் தனியாக ஒரு வால்யூம் நிலை உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதை முழுசாக ஏற்றுவதில்லை. திரையில் வால்யூம் நூற்றுக்கு நூறு காட்டும், காதில் அரை வோல்ட்தான் வரும். யூ.எஸ்.பி. ஆடியோவைத் தானே கையாளும் பிளேயர் ஆப்கள் இதைச் சரிசெய்யும். ஆனால் அந்த ஆப்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும்தான். வீடியோ ஆப்பிலும் ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் பழைய கதையே. சாதாரண ஐ.இ.எம்.முக்கு அந்த அரை வோல்ட்டே தாராளம். பெரிய ஹெட்போனுக்குப் போதாது.

பெரும்பாலான வால்களுக்கும் பொதுவான தொல்லை இன்னொன்று: பாட்டு கேட்கும்போது போனை வயரில் சார்ஜ் போட முடியாது. இரவு ரயிலில் பேட்டரி 12 சதவீதத்துக்கு வந்துவிட்டால் பாட்டா, போனா என்று முடிவெடுக்க வேண்டியதுதான். பேன்ட் பையில் போனைத் தலைகீழாக வைத்தால் கேபிள் வளையும் இடம் முதலில் நைந்துபோகும். போனின் டைப்-சி துளையும் நாளடைவில் தளர்ந்து, லேசாக அசைந்தாலே பாட்டு நிற்க ஆரம்பிக்கும். வாலைத் தூக்கிப்போட்டு 9 டாலருக்கு வேறு வாங்கலாம். போனின் துளைக்கு அந்த வசதி கிடையாது.

குடெலிக்ஸ் இந்தத் தொல்லையை அடியோடு தீர்க்கிறது. போன் பைக்குள், ஆம்ப் சட்டையில், நடுவே வயர் இல்லை. ஆண்ட்ராய்டில் எல்.டி.ஏ.சி. (புளூடூத்தில் கூடுதல் தரத்தோடு ஒலி அனுப்பும் முறை) கிடைக்கும். அதன் வேகம் 990, 660, 330 கி.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை ஆயிரம் பிட்) என மூன்று படி. 990-ஐக் கட்டாயமாக்கி வைத்தால் கூட்டமான ரயில் நிலையத்தில் பாட்டு துண்டு துண்டாக வரும். 660-ல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பது என் யோசனை. ஐபோனில் எல்.டி.ஏ.சி. கிடையாது, ஏ.ஏ.சி. என்ற இன்னொரு முறைதான். தெருவில் நடந்துகொண்டு கேட்கும்போது ஏ.ஏ.சி.யால் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் நான் இதை வயர் இல்லை என்பதற்காகச் சிபாரிசு செய்யவில்லை. காரணம் இதிலுள்ள ஈக்வலைசர் (பாஸ், ட்ரெபிள் போன்றவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி). அந்த அமைப்புகள் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. போனில் செய்த திருத்தம் அலுவலக லேப்டாப்பிலும் அப்படியே வேலை செய்யும், அங்கே ஒரு மென்பொருளும் போட வேண்டாம். சென்ஹைசர் எச்.டி. 600, 650 மாதிரி திறந்த ஹெட்போன்களில் அடிமட்ட பாஸ் இயல்பாகவே இறங்கிவிடும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கம்) துல்லியமாக இருக்கும், தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) மெலிந்து கேட்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு லோ-ஷெல்ஃப் (கீழ் ஒலிகளை மொத்தமாக ஏற்றும் திருத்தம்) வைத்து 4 டெசிபல் ஏற்றிப் பாருங்கள், தொப்பிக்கு உடம்பு வந்துவிடும். ஏற்றிய அதே 4 டெசிபலை ப்ரீ-ஆம்ப் அளவில் (ஆப்பில் உள்ள மொத்த ஒலி அளவு) குறைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பாட்டு சத்தமாக வரும் இடங்களில் ஒலி உடையும். விலையுயர்ந்த டாக் சிப் மாற்றி மாற்றி வாங்குவதில் கிடைக்காத மாற்றம் இந்த ஒரு திருத்தத்தில் கிடைக்கிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம், இதோடு வாழப் பழக வேண்டிய விஷயங்களும் உண்டு. வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது: போனில் ஒன்று, ஆம்பில் ஒன்று. இரண்டும் சேர்ந்தே நகரும்படி வைத்தீர்களா, தனித்தனியாகவா என்பது நினைவில் இல்லாவிட்டால் ஒரு நாள் காது அதிரும். இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் லேப்டாப்பின் ஒரு மெயில் மணியோசை ஆலாபனையின் நடுவே புகுந்து பாட்டை நிறுத்தும். பட்டன்கள் சிறியவை, பார்க்காமல் விரலால் தேடி அமுக்கப் பல நாள் பழக வேண்டும். அமைப்புகள் ஏராளம், ஆப்பைத் திறந்தவுடன் தலை சுற்றும். புளூடூத் தாமதம் படம் பார்க்கத் தொல்லை தராது, ஆப்கள் ஈடுகட்டிவிடும். மொபைல் கேமுக்கு ஆகாது, அதற்கு யூ.எஸ்.பி.தான் வழி.

ஹிப்-டாக்கின் சுகம் அந்தக் குமிழ். திரை இல்லை, ஆப் இல்லை. திருப்பினால் ‘டிக்’ என்று ஆன் ஆகும், மேலும் திருப்பினால் சத்தம் கூடும். ஆனால் இந்த வகைக் குமிழ்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு: ஆரம்பக் கட்டத்தில் இடது காதும் வலது காதும் சமமாக இருக்காது. கூர்மையான ஐ.இ.எம். போட்டு இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு அந்த ஆரம்பக் கட்டம்தான் எப்போதும் தேவைப்படும். போனில் டிஜிட்டல் வால்யூமைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் குமிழை மேலே ஏற்றினால் இது தீரும்.

இணைப்பில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். முதல் இரண்டு பதிப்புகளிலும் டைப்-சி துளை இருக்கிறது, ஆனால் அது சார்ஜுக்கு மட்டும். போனை அதில் செருகினால் எதுவும் நடக்காது. ஒலிக்கு உள்ளடங்கிய பழைய அகல யூ.எஸ்.பி. ஆண் முனை. கடையில் கிடைக்கும் ஓ.டி.ஜி. வயரே (போனில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவுவது) பொருந்தும், அதன் தலை தடிமனாக இல்லாதவரை. 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இதையும் டைப்-சி ஆக்கிவிட்டார்கள். எப்படியானாலும் போனோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு பேருந்தில் போவது எனக்கு ஒத்துவரவில்லை. இது மேஜைக்கும் சாய்வு நாற்காலிக்கும் உரியது.

சரி, இவ்வளவு பெரியது யாருக்குத் தேவை? எச்.டி. 650-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம் மின் தடை என்றதும் எல்லாரும் பயப்படுவார்கள். நிறுவனம் தரும் கணக்குப்படி 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல்; புதிய சினிமாப் பாட்டுக்கு 1 வோல்ட் தரும் வால் போதும். பழைய நேரடிக் கச்சேரிப் பதிவுகள் வேறு. அவற்றில் பதிவின் சராசரி அளவு உச்சத்தைவிட 25, 30 டெசிபல் கீழே கிடக்கும். 103-இல் 30-ஐக் கழித்தால் 73. ஆண்ட்ராய்டில் வால் பாதி வோல்ட் மட்டும் தந்தால் 67. மின்விசிறி ஓடும் அறையில் தனி வீணையின் மெல்லிய இழைகள் அமுங்கிப்போகலாம். குடெலிக்ஸின் பேலன்ஸ்டு முனை (இரு காதுகளுக்கும் தனித்தனி வயர் போகும் துளை) 4 வோல்ட் வரை தரும். அதாவது 1 வோல்ட்டைவிட 12 டெசிபல் கூடுதல். இந்தக் கேட்பு உங்களுடையது என்றால் வலு தேவை. இல்லையென்றால் வலுவுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். இரு மடங்கு மில்லிவாட் என்று விளம்பரம் சொன்னால் அது 3 டெசிபல் மட்டுமே என்பதையும் மனதில் வையுங்கள்.

லேப்டாப்போடு கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி. இரண்டு பின் சார்ஜர் போட்டிருக்கும்போது உலோக உடல் லேசாகக் கையைச் சுருக்கென்று பிடிக்கும், சில ஆம்ப்களில் ‘உம்ம்’ என்று இரைச்சலும் வரும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். சார்ஜரின் கசிவு மின்னோட்டம் அது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிடும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் சார்ஜரிலும் பெரும்பாலும் வராது. புளூடூத்தில் கேட்டால் இந்தக் கேள்வியே எழாது.

என் தேர்வு: வெளியே போகிறவருக்கு, குறிப்பாக ஆண்ட்ராய்டுக்காரருக்கு, குடெலிக்ஸ். ஐபோனும் ஐ.இ.எம்.மும் மட்டும் வைத்திருப்பவர் வாலை வாங்கிக்கொண்டு மிச்சக் காசை நல்ல இயர்போனில் போடலாம். ஹிப்-டாக் வீட்டில் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்து கேட்பவருக்கும், ஆப்பைத் தொடவே விரும்பாதவருக்கும்.

பேட்டரி உள்ள இரண்டும் வருடங்கள் போகப்போகத் தளரும், வால் தளராது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், எப்போதும் நூறு சதவீதத்திலேயே வைக்காதீர்கள். குடெலிக்ஸில் சார்ஜ் வரம்பு வைக்க அமைப்பு இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். பழையதாக வாங்கினால் உடல் உப்பியிருக்கிறதா என்று மேஜைமேல் படுக்கவைத்துப் பாருங்கள். அசைந்தாடினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.