அலாய் மாட்டுனதுல இருந்து ஸ்டியரிங் ஆட்டம், கொண்டலாம்பட்டி லேத் பட்டறையில நின்னுச்சு

நாலு பக்கமும் அலாய் வீல் மாட்டி மூணு மாசம் ஸ்டியரிங் ஆட்டத்தோடயே வண்டி ஓட்டிட்டு இருந்தேன். போன மாசம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு லேத் பட்டறையில வீல் சரியா நடுவுல உக்காரறதுக்கு நாலு ரிங் கடைஞ்சு போட்டதும் நின்னுடுச்சு. அந்த பட்டறைக்குத்தான் இந்த ரிவ்யூ. சேலத்துல இதே பிரச்சனையோட பேலன்சிங், அலைன்மென்ட், மறுபடி பேலன்சிங்னு கடை கடையா ஏறி இறங்கறவங்க கண்டிப்பா இருப்பீங்க, அதனால நடந்ததை விவரமாவே எழுதறேன்.

வண்டி 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல். கம்பெனில இருந்து வந்தது 14 இன்ச் இரும்பு வீல், 165/80 டயர். முன்னாடி ரெண்டு டயரும் தேஞ்சுடுச்சு, எப்படியும் டயர் மாத்தணும், அப்படியே 15 இன்ச் அலாயா போட்டுக்கலாம்னு 185/65 டயரோட செட்டா எடுத்தேன். மேல் மாடல் ஸ்விஃப்டுக்கு கம்பெனியே குடுக்கற டயர் சைஸ்தான் அது, ரெண்டு டயருக்கும் வெளி விட்டம் 2 மிமீ தான் வித்தியாசம் வரும், அதனால ஸ்பீடோமீட்டர்ல தப்பு காட்டாது, மட்கார்டுல உரசாது. டவுனுக்குள்ள ஒரு கடையில வாங்கினேன், பேர் வேண்டாம். பிசிடி 4க்கு 100, அதாவது நாலு நட்டு ஓட்டையும் 100 மிமீ வட்டத்துல இருக்கறது, சரியா இருக்கு, நட் உக்காருது, அவ்வளவுதான் பார்த்தாங்க, மாட்டி பேலன்சிங் அலைன்மென்ட் எல்லாம் பண்ணி குடுத்துட்டாங்க. நானும் அப்ப வேற எதையும் கேட்கல, கேட்க தெரியல.

முதல் ஞாயித்துக்கிழமை ஏற்காடு போனோம். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாச்சு, வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. ஏன்னா மலையில 30, 40க்கு மேல போறதே இல்ல. டவுனுக்குள்ளயும் அஞ்சு ரோட்டு டிராஃபிக்ல எங்க 60 போறது. ஆட்டம் தெரியவே தெரியாது. கடைக்காரங்க டெஸ்ட் டிரைவ்னு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நல்லா இருக்கு சார்னு சொல்றது இதனாலதான்.

அடுத்த வாரம் அம்மாவை கூட்டிட்டு தர்மபுரி, பெரியம்மா வீட்டுக்கு. கருப்பூர் தாண்டி 80 தொட்டதும் ஸ்டியரிங் ரெண்டு உள்ளங்கையிலயும் கிறுகிறுன்னு வந்துச்சு. 90ல இன்னும் அதிகம். 95ல கியர் லீவர் வரைக்கும் நடுங்குது, அம்மா மடியில வச்சிருந்த தூக்குப்போசி மூடி கிடுகிடுன்னு ஆடுற சத்தம் தனியா கேட்குது. "என்ன கண்ணு, வண்டி இப்படி ஒதறுது"ன்னு அம்மா கேட்டாங்க, ஒரு கையால கதவு மேல இருக்கிற கைப்பிடியை பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு மேல 70ஐ தாண்டாமத்தான் போனேன், திரும்பி வரப்ப தொப்பூர் இறக்கத்துல லாரிங்களுக்கு நடுவுல ஸ்டியரிங்கை நம்ப முடியாம ஓட்டுனதை நினைச்சா இப்பவும் எனக்கு கஷ்டமா இருக்கு.

மாட்டுன கடைக்கே மூணு தடவை போனேன். மூணு தடவையும் பேலன்சிங் மிஷின்ல ஏத்தி 00ன்னு காட்டுனாங்க, அதாவது ரிம்ல இனி வெயிட் எதுவும் ஒட்ட வேண்டியதில்லன்னு. மிஷின் பொய் சொல்லல, அது எப்படின்னு கீழ சொல்றேன். அப்புறம் இன்னொரு கடையில மறுபடி அலைன்மென்ட். அலைன்மென்ட்னா வண்டி ஒரு பக்கம் இழுக்கறதுக்கும் டயர் ஓரமா தேயறதுக்கும் பார்க்கறது, குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வர்ற ஆட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எனக்கு அப்ப தெரியாது. மூணாவதா ஒரு ஒர்க் ஷாப்ல சஸ்பென்ஷன்ல இருக்கிற லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர்) போயிடுச்சு, ரெண்டு பக்கமும் மாத்தணும்னு 6,500 ரூபா எஸ்டிமேட் போட்டாங்க. நல்லவேளை அன்னைக்கு கையில அவ்வளவு பணம் இல்ல, அப்புறம் வர்றேன்னு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் தோணுச்சு, பழைய இரும்பு வீல் நாலும் மொட்டை மாடியில இருக்கே. ஞாயித்துக்கிழமை காலையில முன்னாடி ரெண்டு வீலை மட்டும் கழட்டி பழசை மாட்டிட்டு ஹைவேல ஒரு ரவுண்டு போனேன், தேஞ்ச டயரோட 95ல ஸ்டியரிங் அசையல. சீட்டுல மட்டும் லேசா ஒரு அதிர்வு, அது பின்னாடி இருக்கிற அலாய்ல இருந்து வர்றது. ஆக புஷ்ஷும் இல்ல, ஆக்ஸிலும் இல்ல, பிரச்சனை வீல்தான். உங்ககிட்ட பழைய வீல் இருந்தா தயவுசெஞ்சு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதை பண்ணி பாருங்க, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்தா போதும். பிரேக் அழுத்தறப்ப மட்டும் ஸ்டியரிங் ஆடுச்சுன்னா அது வேற கதை, அப்ப டிஸ்க்கை பாருங்க.

பழைய வீலை மாட்டறப்ப இன்னொண்ணு கவனிச்சேன். ஹப்புக்கு, அதாவது வண்டியில வீல் உக்காரற இடத்துக்கு, நடுவுல வட்டமா ஒரு உதடு மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கும், ஸ்விஃப்டுக்கு அது 54 மிமீ. இரும்பு வீலோட நடு ஓட்டை அதுல டப்புன்னு பிடிச்சு உக்காருது, நட் போடறதுக்கு முன்னாடியே வீல் தானா நிக்குது. அலாயை வச்சு பார்த்தா நடு ஓட்டை அவ்வளவு பெருசு, ஹப்பை சுத்தி இருக்கிற சந்துல சுண்டு விரல் நுனியே போகுது. வெளியில விக்கிற அலாய்ல நிறைய இப்படித்தான் வரும், ஒரே வீல் பல கம்பெனி வண்டிக்கு சேரணும்னு நடு ஓட்டையை பெருசா விட்டுடறாங்க. அப்ப வீலை நடுவுல நிறுத்தறது வெறும் நாலு நட்டுதான். நட்டோட கூம்பு நாலும் சமமா இறங்கினா ஓரளவு நடுவுல நிக்கும், ஆனா கடையில வீலை தொங்க விட்டு ஏர் கன்னால ஒரு நட்டை முழுசா டர்ர்ர்னு இறுக்கிட்டு அடுத்ததுக்கு போறாங்க, முதல் நட்டு எந்த பக்கம் இழுத்துச்சோ அந்த பக்கமே வீல் நின்னுடும்.

இப்ப மிஷின் ஏன் 00 காட்டுச்சுன்னா, பேலன்சிங் மிஷின்ல வீலை நடு ஓட்டை வழியா கூம்பு வச்சு பிடிக்கறாங்க. அங்க வீல் சரியான நடுவுலதான் சுத்துது, அதனால பேலன்ஸ் சரி. வண்டியில மாட்டுனா அதே வீல் அரை மிமீ தள்ளி சுத்துது. அரை மிமீ தானேன்னு தோணும். நான் கணக்கு போட்டு பார்த்தேன், டயரோட ஒரு வீல் 15 கிலோன்னு வச்சுக்கிட்டா அரை மிமீ விலகல்ங்கறது ரிம் ஓரத்துல கிட்டத்தட்ட 40 கிராம் வெயிட் கழண்டு விழுந்ததுக்கு சமம். 90ல வீல் ஒரு செகண்டுக்கு 13 தடவை சுத்துது, அப்ப ஒவ்வொரு சுத்துக்கும் 5 கிலோ அளவுக்கு ஒரு உதை ஹப்புக்கு விழுது. கை நடுங்காம என்ன பண்ணும். சைக்கிள் வீல்ல கோட்டம் இருந்தா பிரேக் கட்டையில உரசி உரசி போகுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, ஆனா இங்க ரிம்ல கோட்டமே இல்ல, வீல் நிக்கற இடம்தான் தப்பு.

இதுக்கு ஹப் ரிங்னு ஒண்ணு இருக்கு, அந்த சந்தை அடைக்கறதுக்கு. ஆன்லைன்ல பிளாஸ்டிக் ரிங் ஒரு செட்டு வாங்கினேன், வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1. வந்ததும் மாட்டி பார்த்தா வீலுக்குள்ள லொடலொடன்னு ஆடுது. என் அலாயோட நடு ஓட்டை எவ்வளவுன்னு அளக்காமலே பொதுவா எல்லாரும் சொல்ற சைஸை நம்பி வாங்குனது என் தப்பு. வித்த கடையிலயும் அந்த அளவு தெரியாதுன்னுட்டாங்க.

அப்பதான் சங்ககிரியில லாரி வச்சிருக்கிற என் மச்சான் சொன்னாரு, ரிங் எதுக்கு தேடிட்டு இருக்கீங்க மாப்ள, லேத்துல குடுத்தா கடைஞ்சு தருவாங்களேன்னு. அவரே கூட்டிட்டு போனதுதான் இந்த கொண்டலாம்பட்டி பட்டறை. சின்ன இடம், ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், வாசல்ல பம்பு ஷாஃப்டும் டிராக்டர் பார்ட்ஸும் குவிஞ்சு கிடக்கு. அண்ணன் ஒருத்தரும் ஒரு பையனும். போன உடனே அவர் கேட்ட முதல் கேள்வி "வீல் எங்க தம்பி, வண்டி எங்க?" அளவு சொன்னா செய்ய மாட்டாராம், அவரே அளந்துதான் செய்வாராம். மூணு மாசத்துல அளக்கணும்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வண்டியை ஜாக்கில ஏத்தி நாலு வீலையும் ஒவ்வொண்ணா கழட்டி, முதல்ல ஹப்புல இருந்த துருவை எமரி பேப்பர்ல தேச்சு எடுத்தாரு. துரு மேல அளந்தா அளவு தப்பும், தவிர துரு இருந்தா வீல் மட்டமா உக்காராதுன்னாரு. அப்புறம் வெர்னியர் எடுத்து ஹப்பை ரெண்டு திசையில அளந்தாரு, 54.0. பின்னாடி ஹப்பும் அதே. அலாய் நடு ஓட்டை 74.1. என் ஆன்லைன் ரிங் ஏன் ஆடுச்சுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. ஹப் உதடு எவ்வளவு வெளிய நீட்டுதுன்னும் டெப்த் கேஜ்ல பார்த்தாரு, ரிங் அதை விட தடிமனா இருந்தா வீல் ஹப்போட ஒட்டாது, நட்டு இறுகுன மாதிரி தெரியும் ஆனா நடுவுல ரிங்தான் நசுங்கிட்டு இருக்கும், அது ஆபத்துன்னு விளக்கமா சொன்னாரு.

அலுமினியம் ராடை சக்குல பிடிச்சு கடைய ஆரம்பிச்சாரு. வெள்ளை வெளேர்னு சுருள் சுருளா சீவல் வந்து விழுது, பையன் நடுநடுவுல மண்ணெண்ணெய் விட்டுட்டே இருக்கான். வெளிய 74.0, உள்ள 54.1. கடைசி ஒரு தடவை ரொம்ப மெல்லிசா ஒரு வெட்டு எடுத்துட்டு, ஆற விட்டுட்டு மறுபடி அளந்தாரு, சூட்டுல அளந்தா பெருசா காட்டும் தம்பின்னாரு. உள் ஓரத்துல கூர் எடுத்து லேசா சரிவு வச்சாரு, ஹப்போட அடியில ஒரு வளைவு இருக்கும், அதுல இடிக்காம உக்காரறதுக்கு. முதல் ரிங்கை அலாய்ல வச்சு கட்டை விரலால அழுத்துனாரு, சத்தமே இல்லாம வழுக்கிட்டு போய் நின்னுச்சு. என்னை தொட்டு பாக்க சொன்னாரு, நகம் கூட மாட்டல. பிளாஸ்டிக் வேண்டாமான்னு கேட்டேன், ஏற்காடு இறங்கி வர்றப்ப ஹப்பு தொட முடியாத சூடு ஏறும், அலுமினியமே இருக்கட்டும்னாரு.

நாலு ரிங்கும் முடிய ரெண்டரை மணி நேரம். மாட்டறப்ப ஹப் உதட்டுல மட்டும் லேசா கிரீஸ் தடவுனாரு, இல்லன்னா அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கிட்டு அடுத்த தடவை வீல் கழட்ட வராதாம். நட்டு ஏறுற ஸ்டட் மரையில கிரீஸ் படக்கூடாதுன்னு பையனை ஒரு அதட்டு அதட்டுனாரு. வீல் தூக்குல இருக்கறப்பவே நாலு நட்டையும் கையால எதிரெதிரா இறுக்கி, டயர் தரையை லேசா தொட்டதும் ஸ்பேனர்ல அதே மாதிரி எதிரெதிரா. நட்டை சரியான அளவுக்கு இறுக்கற டார்க் ரென்ச் அவர்கிட்ட இல்ல. அன்னைக்கு சாயங்காலமே வேற இடத்துல மேனுவல்ல போட்டிருக்கிற டார்க்குக்கு இறுக்கிக்கிட்டேன், 100 கிமீ ஓடுனதும் மறுபடி ஒரு தடவை செக் பண்ணினேன், ஒரு நட்டு கொஞ்சம் சுத்துச்சு, மத்தது அப்படியே இருந்துச்சு. ரிங் வண்டி வெயிட்டை தாங்கறதுக்கு இல்ல, வீலை நடுவுல நிறுத்தறதுக்கு மட்டும்தான், தாங்கறது நட்டோட இறுக்கம், அதனால இந்த செக்கிங்கை விட்டுடாதீங்க.

ரிசல்ட் சொல்றேன். அன்னைக்கே கருப்பூர் தாண்டி 80, 90, 95. ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்ல. விரல் நுனியில பிடிச்சு பார்த்தேன், ரோட்டோட சொரசொரப்பு தவிர வேற எதுவும் வரல. ரெண்டு நாள் கழிச்சு வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்ததும் 100ல மறுபடி லேசா ஒரு அதிர்வு தெரிஞ்சது, பக்குன்னு ஆயிடுச்சு. பார்த்தா இடது முன் வீல்ல ஒட்டியிருந்த பேலன்சிங் வெயிட் ஒண்ணு பிரஷர் தண்ணியில பிச்சுக்கிட்டு போயிருக்கு, ரிம்மை துடைக்காம தூசி மேலயே ஒட்டியிருக்காங்க. பக்கத்து டயர் கடையில 120 ரூபா குடுத்து அந்த வீலை மட்டும் பேலன்ஸ் பண்ணினேன், சரியா போச்சு. இப்ப ஒரு மாசத்துல தர்மபுரி நாலு தடவை, ஏற்காடு ரெண்டு தடவை போயாச்சு. ஏற்காடு இறங்குனதும் ஒரு வீலை கழட்டி பார்த்தேன், ரிங் அதே இடத்துல அப்படியே இருக்கு.

குறைன்னு பார்த்தா, பில் கிடைக்காது, துண்டு சீட்டுதான். உக்கார இடம் இல்ல, வெயில்ல நின்னுட்டே இருக்கணும். போன்ல கேட்டா எதுவும் சொல்ல மாட்டாரு, நேர்ல போகணும். விவசாய வேலை சீசன்ல பம்பு செட்டு வேலைதான் அவருக்கு முதல்ல, காருக்கு நாள் தள்ளும். ரிங் ஒண்ணுக்கு 400, நாலுக்கு 1,600 ரூபா, கழட்டி மாட்டுனதுக்கு தனியா எதுவும் வாங்கல, நான்தான் பையனுக்கு 100 ரூபா குடுத்தேன். ஆன்லைன்ல வாங்கறதை விட இது அதிகம்தான், ஆனா என் வீலுக்கும் என் ஹப்புக்கும் அளந்து செஞ்சது, எனக்கு ஒவ்வொரு ரூபாவும் தகும்.

போறவங்க காலையில 10 மணிக்குள்ள போயிடுங்க, ஞாயித்துக்கிழமை லீவு. வீலை மட்டும் எடுத்துட்டு போகாம வண்டியோட போங்க, ஹப்பை அளக்காம அவர் ராடையே தொட மாட்டாரு. நாளைக்கு மறுபடி பெரியம்மா வீட்டுக்கு போறோம், அம்மா இப்பவே தூக்குப்போசியை கழுவி எடுத்து வச்சுட்டாங்க.