மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

"மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரையைத் தலையில் கட்டிவிடுவார்" என்று ஒரு கட்சி. "உட்கார்ந்து பேசினால் வியாதி போய்விடுமா?" என்று எதிர்க்கட்சி. எந்த வியாதிக்கு என்று இரண்டு கட்சியுமே கேட்பதில்லை.

மனச்சோர்வில் தொடங்குவோம். ஒருநாள் மனசு சரியில்லை என்பதற்கு இந்தப் பெயர் கிடையாது. குறைந்தது 2 வாரம், நாளின் பெரும்பகுதி துக்கம் அல்லது எதிலும் பிடிப்பின்மை இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம் என்று ஒவ்வொன்றாகக் கெடும். லேசான, நடுத்தர நிலையில் பேச்சு சிகிச்சை மாத்திரைக்குச் சளைத்ததல்ல. இதில் அதிகம் ஆராயப்பட்டது, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. ஆறுதல் வார்த்தை கிடைக்கும் என்று போகிறவருக்கு அங்கே வீட்டுப்பாடம் கிடைக்கும். ஒரு நோட்டில் இப்படி எழுதச் சொல்வார்கள்: 'நண்பன் போனை எடுக்கவில்லை. என்னை ஒதுக்குகிறான். துக்கம் நூற்றுக்கு 80.' அப்புறம் அந்த எண்ணத்துக்கு என்ன சாட்சி, எதிராக என்ன சாட்சி? 'போன வாரம் அவனேதான் கூப்பிட்டான். இது அவன் வேலை நேரம்.' இப்போது துக்கம் 45. பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் 12 முதல் 20 அமர்வுகளில் கை பழகிவிட்டால், சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. மாத்திரையில் இந்த வசதி இல்லை.

அதற்காக, படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் நோட்டை நீட்டி என்ன பயன்? கடுமையான மனச்சோர்வுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின், ஃப்ளூயோக்ஸெடின் போன்ற மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. குமட்டலும் தூக்கக் குளறுபடியும் முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தாம் நாளே 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நிறுத்துவது இதனால்தான். பாலுறவு நாட்டம் குறைவதும் சகஜம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் டோஸையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால், அப்போது வீட்டார் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும்.

பேனிக் அட்டாக்கில் என் ஓட்டு பேச்சு சிகிச்சைக்கு. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், சாகப்போகிறோம் என்றே தோன்றும். சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, தானாக இறங்கும். சிகிச்சையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைத்து அதே படபடப்பை வரவழைப்பார்கள். 'வந்தது, போனது, நான் சாகவில்லை' என்று உடம்பே கற்றுக்கொள்கிறது. அல்பிரசோலம் மாத்திரை அரைமணியில் அடக்கிவிடும், வாஸ்தவம்தான். ஆனால் நாள்பட்டால் அது இல்லாமல் வெளியே கிளம்ப முடியாத நிலை வரும். இருப்பதிலேயே வேகமானது இது, நான் கடைசியில் வைப்பதும் இதையே.

இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும், மனவெறி எனும் மட்டுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது), மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது) இரண்டிலும் போட்டியே இல்லை: மருந்துதான் அஸ்திவாரம், பேச்சு துணைக்கு. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் மனவெறிக்குப் பயன்படும் என்று எழுதிய லித்தியம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இருமுனைக் கோளாறு இருப்பது தெரியாமல் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், ஆள் மறுகோடிக்குப் போய் மனவெறியில் நிற்கக்கூடும். அதனால், எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் உற்சாகமாக இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

சரி, நிறுத்துவது எப்படி? பேச்சு சிகிச்சையில் அமர்வுகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மனச்சோர்வு மாத்திரையை, குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து 'வியாதி திரும்பிவிட்டது' என்றோ 'அடிமையாகிவிட்டேன்' என்றோ பயப்படுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது அவசரமாக நிறுத்தியதன் விளைவு.