பழைய எபிக் ப்ராசசர் வாங்குறீங்களா? கடைக்காரர் "ஓடுது பாருங்க"ன்னு காட்டுனா அதை மட்டும் நம்பிடாதீங்க

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன், ஏமாந்த கதையை ஊருக்கே சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்கும். போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் இதே மாதிரி பழைய எபிக் (ஏஎம்டி கம்பெனியோட சர்வர் ப்ராசசர்) வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்புறேன்னு சொன்னாரு, அப்பத்தான் சரி எழுதிருவோம்னு உக்காந்தேன்.

நமக்கு மதுரையில கல்யாண வீடியோ எடிட்டிங், சீசன் இல்லாதப்ப ப்ளெண்டர்ல 3டி வேலை. சிஸ்டத்துல எனக்கு வேண்டியது ரெண்டு ஜிபியூ, ஒரு கேப்சர் கார்டு, நாஸுக்கு (நெட்வொர்க்ல இருக்குற ஸ்டோரேஜ் பொட்டி) ஒரு 10ஜி நெட்வொர்க் கார்டு, அப்புறம் நாலு என்விஎம்இ எஸ்எஸ்டி போடுற மாதிரி ஒரு கார்டு. எல்லாரும் ரைசன் வாங்கு ரைசன் வாங்குன்னாங்க. வேகம் இல்லைன்னு நான் சொல்லவே இல்ல, பிரச்சனை பிசிஐஇ லேன்தான், அதாவது ப்ராசசருக்கும் கார்டுகளுக்கும் நடுவுல டேட்டா போற பாதை. இப்ப ரைசன் உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்ல மொத்தம் 28 லேன், அதுல 4 சிப்செட்டுக்கே (போர்டுல இருக்குற துணைச் சிப்) போயிரும். இன்டெல்ல 14ஆவது ஜெனரேஷன் வரைக்கும் பாத்தா ப்ராசசர்ல இருந்து நேரா வர்றது 16ம் 4ம் தான். ரெண்டு ஜிபியூ போட்டா 16ஐ எட்டு எட்டா பிரிச்சுக்கும், மிச்ச கார்டெல்லாம் சிப்செட் வழியா வர்ற கொஞ்ச இடத்துக்குள்ள நெருக்கியடிச்சு உக்காரணும், ஷேர் ஆட்டோ மாதிரி. ஏஎம்டியோட பெரிய வொர்க்ஸ்டேஷன் ப்ராசசர் த்ரெட்ரிப்பர், அதுல புதுசு பக்கம் போனா போர்டு விலைக்கே பழைய பைக் ஒன்னு வாங்கிரலாம். பழைய த்ரெட்ரிப்பருக்கான டிஆர்எக்ஸ்40 போர்டு 2019ல வந்து ஒரே ஜெனரேஷனோட நின்னு போச்சு, நல்ல போர்டு கிடைக்கிறதும் குதிரைக்கொம்பு. எக்ஸ்99 போர்டுல இன்டெல்லோட ஜியான் சர்வர் ப்ராசசர் போட்ட செட்டும் யோசிச்சேன், 40 லேன் இருக்கு, ஆனா ரொம்பப் பழசு.

அதான் எபிக். ஒரே சாக்கெட்ல 128 லேன், எட்டு சேனல் ராம், டேட்டா சென்டர்ல இருந்து கழிச்சு விடுறதால மலிவு. சூப்பர்மைக்ரோ எச்11எஸ்எஸ்எல்-ஐ போர்டு, ரிவிஷன் 2 பாத்து (ரிவிஷன் 1ல நான் வாங்க நினைச்ச 7402பி மாதிரி 7002 சீரிஸ் எபிக் ஓடாது, இதுலயும் நிறைய பேர் மாட்டுறாங்க) 26,000க்கு ஒருத்தர்கிட்ட வாங்கிட்டேன். மூணு எக்ஸ்16, மூணு எக்ஸ்8 ஸ்லாட்டு, பிசிஐஇ 3.0 தான் ஆனா என் வேலைக்கு அது தாராளம். சர்வர் ராம் 16ஜிபி எட்டு குச்சி. மிச்சம் ப்ராசசர் மட்டும்.

7402பி, 24 கோர், கடையில 31,000 சொன்னாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மாடிக்கடை, பேரு வேணாம். நான் வெவரமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு "அண்ணே, டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க, அப்பத்தான் காசு"ன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்ல. "தாராளமா தம்பி"ன்னுட்டு மேஜை மேல இருந்த ஒரு பெரிய பிராண்ட் சர்வரைத் திறந்து ப்ராசசரைப் போட்டு ஆன் பண்ணாரு. ஃபேன் சத்தம் பஸ் ஸ்டாண்டு மாதிரி, அஞ்சு நிமிஷம் கழிச்சு லினக்ஸ் வந்துச்சு, 24 கோர் 48 த்ரெட், பேரு எல்லாம் கரெக்டா காட்டுச்சு. எனக்கு சந்தோஷம். பில் கேட்டேன், "பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் தம்பி, நான் எங்க போயிரப் போறேன்"ன்னு ஒரு துண்டுச் சீட்டுல விலையை எழுதிக் குடுத்தாரு. ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சம்னு நானும் யூபிஐல போட்டுட்டு நைட் பஸ் ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டுனா டிஸ்ப்ளே வரல. ஃபேன் சுத்துது, ஐபிஎம்ஐ (சர்வர் போர்டை நெட்வொர்க் வழியா கவனிக்கிற வசதி) பேஜ் கூட பிரவுசர்ல தொறக்குது, ஆனா பூட் ஆகவே மாட்டேங்குது. ஐபிஎம்ஐ தனி சிப், ப்ராசசர் செத்துக் கெடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்னு எனக்கு அப்ப தெரியாது, அது தொறந்ததைப் பாத்து எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சு ராமைக் கழட்டி மாட்டி, ஸ்க்ரூவை 1, 2, 3 வரிசைப்படி மறுபடி டைட் பண்ணி, பவர் சப்ளை மாத்தி, பத்து நாள் தூக்கம் போச்சு. போர்டு வித்தவரைத்தான் திட்டுனேன், பாவம் மனுஷன். கடைசியா 7251னு பழைய 8 கோர் எபிக் ஒன்னை கம்மி விலைக்கு வாங்கி போட்டுப் பாத்தா அடிச்ச உடனே பூட் ஆச்சு! பயாஸும் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற போர்டு சாஃப்ட்வேர்) புதுசுதான். அப்ப போர்டுல தப்பே இல்ல.

கடைக்கு போன் போட்டேன். "நான் ஓட்டிக் காமிச்சேன்ல தம்பி, நீங்கதான் மாட்டும்போது பின்னை வளைச்சிருப்பீங்க"ன்னாரு. எபிக் ப்ராசசர்ல பின்னே கெடையாதுங்க, அடியில தட்டையா பேட்தான் இருக்கும், பின்னெல்லாம் போர்டு சாக்கெட்ல இருக்கு. இது தெரியாமயா சர்வர் யாவாரம் பண்றாரு?

அப்புறம்தான் ஹோஸ்டிங் கம்பெனியில இருக்குற ஃப்ரெண்ட் விஷயத்தைச் சொன்னான். ஏஎம்டி சர்வர் ப்ராசசர்ல பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட், சுருக்கமா பிஎஸ்பி (PSB)ன்னு ஒரு வசதி இருக்கு. அதுல ப்ராசசருக்குள்ளயே இருக்குற ஒரு குட்டி செக்யூரிட்டி ப்ராசசர், பயாஸ்ல யாரோட டிஜிட்டல் கையெழுத்து இருக்குன்னு பாக்கும். சில பிராண்ட் சர்வர்ல அந்தக் கம்பெனியோட கீ ப்ராசசர் உள்ள இருக்குற ஃப்யூஸ்ல எரிச்சு பதிஞ்சிரும், பச்சை குத்துன மாதிரி, அழிக்கவே முடியாது. அதுக்கப்புறம் அந்த பிராண்ட் பயாஸ் தவிர வேற எதுலயும் பூட் ஆகாது. ப்ராசசர் கெட்டுப் போகல, பேட்டை மாறி வராது, அவ்ளோதான். அவன் ஆபீஸ்ல அதே பிராண்ட் சர்வர் ஒன்னு சும்மா கெடந்துச்சு, போட்டோம், ஜம்முனு ஓடுது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, லாக் ஆகாத ப்ராசசரை இந்த மாதிரி சர்வர்ல போட்டு ஒரு தடவை ஆன் பண்ணாலே சிலதுல லாக் ஆயிரும். அதாவது நான் கடையில வாங்குறப்பவே அது லாக் ஆனதா, இல்ல நான் "டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேட்டதால அந்த அஞ்சு நிமிஷத்துல என் கண் முன்னாடியே லாக் ஆச்சா, இன்னைக்கு வரைக்கும் தெரியல. நேர்ல போய் இதைச் சொன்னா ரெண்டு நிமிஷம் ஒன்னும் தெரியாத மாதிரி கேட்டுட்டு "6,000க்கு திருப்பி எடுத்துக்கிறேன்"ங்கறாரு. லாக்னா என்னன்னு தெரியாதவருக்கு அந்த ரேட்டு மட்டும் எப்படி டக்குன்னு வந்துச்சு?

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டேன், பில் காப்பி கேட்டாங்க, என்கிட்ட இருக்குறது துண்டுச் சீட்டு, அதுல கடை பேரே இல்ல, யூபிஐயும் யாரோ தனி ஆள் பேருக்குப் போயிருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, சொந்தமா தொழில் பண்ணிப் பொழைக்கிறவனும் நுகர்வோர்தான்னு சட்டத்துல இருக்கு, அதெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். ஆனா பில் இல்லாம போய் என்னத்த நிக்கிறது. ஐயாயிரம் மிச்சம் பிடிச்ச லட்சணம் இது.

வாங்கப் போறவங்க, வெறும் "அன்லாக்டா"ன்னு கேக்காதீங்க, ஓவர்க்ளாக்கை (ப்ராசசர் வேகத்தைக் கூட்டி ஓட்டுறதை) பத்தி கேக்குறீங்கன்னு நினைச்சு ஏதாவது சொல்லிருவாங்க. "வெண்டர் லாக் இருக்கா, பிஎஸ்பி லாக் இருக்கா"ன்னு கேளுங்க, இல்லைன்னு சொன்னா அதை ஜிஎஸ்டி பில்லுலயே எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா எழுந்து வந்துருங்க. டெஸ்ட் பண்றதா இருந்தா பிராண்ட் சர்வர்ல வேணாம், தனியா விக்கிற சூப்பர்மைக்ரோ, ஜிகாபைட் மாதிரி போர்டுல. முடிஞ்சா உங்க போர்டையே தூக்கிட்டுப் போங்க, பஸ்ல மடியில வச்சுக்கிட்டுப் போனாலும் பரவால்ல. த்ரெட்ரிப்பர் ப்ரோ பழசு வாங்குறவங்களும் இதையே கேளுங்க, பிராண்ட் வொர்க்ஸ்டேஷன்ல இருந்து கழட்டுனதுலயும் இந்த லாக் உண்டு.

நான் அப்புறம் இன்னொரு இடத்துல பில்லோட 7302பி எடுத்துட்டேன், 16 கோர்தான், ஆனா ரெண்டு ஜிபியூ, கேப்சர், 10ஜி, நாலு என்விஎம்இ எல்லாம் மாட்டி இன்னும் ஒரு ஸ்லாட்டு காலியா கெடக்கு. பழைய 7402பி டப்பாவுல இருக்கு. பிராண்ட் சர்வர் வச்சிருக்கவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எந்த பிராண்ட்ல லாக் ஆயிருக்குன்னு முதல்லயே சொல்லிட்டுத்தான் விப்பேன், 12,000 குடுத்தா போதும்.