சோனி என்எக்ஸ்100: 4கே இல்லாத கேமராவை இன்னும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கேமராவில் 4கே கிடையாது. ஃபுல் எச்டி மட்டும்தான். அது போதாது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபமில்லை. சோனி எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்100 வந்தது 2015-இல். நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில், அதுவும் ஊரே மிரர்லெஸ் ஸ்டில் கேமராவுக்கு மாறி முடித்த பிறகு. மண்டபத்தில் இதை ஸ்டாண்டில் ஏற்றினாலே கேண்டிட் எடுக்க வந்த பையன்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

என் வேலை ட்ரெடிஷனல் வீடியோ. அதாவது காப்புக் கட்டுவதில் தொடங்கிப் பந்தி வரைக்கும், நடந்தது நடந்தபடி முழுதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கார்டு தீர்ந்துவிட்டது, கேமரா சூடாகி நின்றுவிட்டது, லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது. கெட்டிமேளம் ஒரு தடவைதான் கொட்டுவார்கள். முன்பெல்லாம் ஸ்டில் கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடியில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று கணக்கு வைத்து வரி போட்டார்கள், அதற்குப் பயந்து கம்பெனிகள் வைத்த பூட்டு அது. இப்போது பல மாடல்களில் அந்தப் பூட்டு இல்லை, ஆனால் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் விடாமல் எடுத்துப் பார்த்தால் தெரியும் சூடு என்றால் என்னவென்று. என்எக்ஸ்100 அந்த மாதிரி வேலைக்காகவே செய்த சாமான். பெரிய பேட்டரி ஒன்றை மாட்டிவிட்டால் முகூர்த்தம் முழுக்க நான் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஒரு அங்குல வகை சென்சார், மாற்ற முடியாத லென்ஸ். வைடில் 29 மி.மீ., அங்கிருந்து 12 மடங்கு ஜூம், ஏறக்குறைய 348 மி.மீ. வரை போகும். மண்டபத்தின் கடைசி வரிசையில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, மேடையில் பெண்ணின் கண் கலங்குவது வரைக்கும் உள்ளே போகலாம். அதைவிட முக்கியம், லென்ஸில் ஃபோகஸ், ஜூம், ஐரிஸ் (வெளிச்சம் நுழையும் துளை) மூன்றுக்கும் தனித்தனி வளையம் இருப்பது. மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே எல்லாம் நடக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது, 1/4, 1/16, 1/64 என்று மூன்று படி. மாப்பிள்ளை அழைப்பு வெயிலில் தெருவில் தொடங்கி மண்டபத்து இருட்டுக்குள் நுழையும்போது ஃபில்டரை எடுத்துவிட்டு ஐரிஸைத் திறந்தால் முடிந்தது. லென்ஸ் முன்னால் கண்ணாடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருக்கும் நண்பரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த ஜூமில் ஒரு விலை இருக்கிறது. வைடில் எஃப்2.8 ஆக இருக்கும் லென்ஸ், முழு ஜூமில் எஃப்4.5 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்று அர்த்தம். ஐரிஸைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகத் திறந்து எடுத்தால், ஜூம் போகப் போகப் படம் மங்குவது கண்ணுக்கே தெரியும். கேமராவே சிக்னலைக் கூட்டிக்கொள்ளும் ஆட்டோ கெயினில் விட்டால் மங்காது, பதிலாகப் பொரிப் பொரியாக நாய்ஸ் ஏறும். நான் என்ன செய்கிறேன் என்றால், தொடக்கத்திலேயே ஐரிஸை 4.5-க்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பூட்டிவிட்டு, வெளிச்சக்காரரிடம் மேடைக்கு ஒரு லைட் கூடுதலாகக் கேட்கிறேன். கொடுத்தால் நல்லது.

ஆட்டோ ஃபோகஸைப் பற்றிக் கேட்டால், புதிய மிரர்லெஸ் பழகியவர்களுக்கு இது ஏமாற்றம்தான். முகத்தைக் கண்டுபிடிக்கும், சரி, ஆனால் வேகம் போதாது. ஹோமப் புகை எழுந்தால் முன்னும் பின்னும் தேட ஆரம்பித்துவிடும், காரணம் இது காட்சியின் கூர்மையை வைத்துத் தடவிப் பார்த்துத்தான் ஃபோகஸ் பிடிக்கிறது, புகையில் கூர்மை எங்கிருந்து வரும்? சோனியே 2017-இல் கொண்டுவந்த என்எக்ஸ்80-இல் 273 புள்ளிகளோடு வேறு முறை ஃபோகஸ் வைத்தார்கள், 4கேவும் கொடுத்தார்கள். பணம் இருந்தால் அதையும் பாருங்கள். எனக்கு மேடையில் அக்னி மூட்டியவுடன் கை தானாக மேனுவலுக்குப் போய்விடும், பழகிவிட்டது.

நிறம். தோல் நிறம் நன்றாக வருகிறது, எடிட்டிங்கில் அதிகம் தொட வேண்டாம். கூறைப்புடவைதான் சோதனை. அடர் சிவப்பில் ஜரிகைக் கட்டங்கள் இருந்தால், நிற விவரத்தைக் குறைத்தே வைக்கும் 8 பிட், 4:2:0 பதிவில் அந்தச் சிவப்பு ஒரே திட்டாக நிற்கும், நெசவு தெரியாது. சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பரவாயில்லை. ரிசப்ஷனில் ஊதா எல்இடி போட்டால் எதைக் குறைத்தும் பயனில்லை.

இனி கார்டு விஷயம், இங்கேதான் நான் அடி வாங்கினேன். இதில் இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கலாம், வையுங்கள். எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு முறையில் நொடிக்கு 50 மெகாபிட் எழுதும், மணிக்கு 22-23 ஜிபி ஆகும், 64 ஜிபி கார்டு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. இதற்கு எஸ்டிஎக்ஸ்சி எனும் பெரிய கொள்ளளவு கார்டுதான் வேண்டும். நான் ஆரம்பத்தில் சின்னக் கார்டுகளை வைத்துக்கொண்டு பழைய ஏவிசிஎச்டி முறையில் எடுத்தேன். அதில் நீளமான பதிவு 2 ஜிபி துண்டுகளாக உடைந்துதான் விழும். கார்டு முழுவதையும் அப்படியே காப்பி செய்யாமல், உள்ளே இருந்த வீடியோ ஃபைல்களை மட்டும் எடுத்து எடிட்டிங்கில் ஒட்டினேன். ஒட்டின இடத்தில் ஒரு இமை நேரம் சத்தம் அறுந்தது. எங்கே? நாதஸ்வரக்காரர் தோடி வாசித்துக்கொண்டிருந்தபோது. தவறு என்னுடையதுதான், கேமராவைச் சொல்லிப் பயனில்லை.

டேப் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருந்தது. 2004-இல் வந்த சோனி எஃப்எக்ஸ்1-ஐ வைத்திருந்த அண்ணனிடம்தான் வேலை கற்றேன். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், பாதியில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

சத்தத்துக்கு இரண்டு எக்ஸ்எல்ஆர் (தொழில்முறை மைக் கேபிள்) இன்புட். ஒன்றில் மேடை மிக்சரிலிருந்து லைன், இன்னொன்றில் கேமரா மைக். தவில் பக்கத்தில் நிற்கும்போது ஆட்டோ லெவலை நம்பாதீர்கள், மேனுவலில் நன்றாக இறக்கி வையுங்கள். மிக்சர் லைனைச் செருகும் முன், மைக்குக்கு கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

எல்இடி திரைக்கு லைவ் கொடுக்க எச்டிஎம்ஐ மட்டும்தான், நீளக் கேபிள் தாங்கும் எஸ்டிஐ இணைப்பு இல்லை. மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எச்டிஎம்ஐ கேபிள் தாங்காது, கன்வெர்ட்டர் தனிச் செலவு. ரீல்ஸ் கேட்பவர்களுக்கும் இது ஒத்துவராது: 1920-க்கு 1080 படத்தை நிற்க வைத்து வெட்டினால் அகலத்தில் 608 பிக்சல்தான் மிஞ்சும். அதற்குத் தம்பி ஒருவன் போனோடு கூட வருகிறான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் ஜூம் ராக்கரை மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள், ஸ்கிரீன் கீல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், ஐரிஸைச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் பார்த்துப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் நானும் செய்தேன். வீட்டுக்கு வந்து முதல் கல்யாணத்தில்தான் தெரிந்தது, இரண்டாவது எக்ஸ்எல்ஆர் சாக்கெட் ஆடிக்கொண்டிருந்தது, கரகரவென்று சத்தம். விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "பார்த்துத்தானே சார் வாங்கினீங்க?" என்றார். உண்மைதான், பார்த்துத்தான் வாங்கினேன். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு வாங்கவில்லை.