கண்ணாடி நெகட்டிவை நம்பிக் கொடுக்க ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோ

அப்பாவைப் பெற்ற ஐயா பாம்பனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். பின்னால் தொங்கிய திரைச்சீலையைத் தீட்டியதும் அவரேதான் என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அது மதுரையில் வாங்கியது என்பார் பெரியப்பா. 1964 புயலில் ஸ்டூடியோ போனது. மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி, உள்ளே 23 கண்ணாடி நெகட்டிவ், பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்தவை.

முதலில் வேறொரு ஊர்க் கடையில் கொடுத்தேன். ஈரத்துணியால் துடைத்து, ஒரு கண்ணாடியில் முகத்தையே வழித்தெடுத்துவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் அரண்மனைப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தச் சின்ன ஸ்டூடியோவுக்குப் பயந்துகொண்டேதான் போனேன். ஸ்டூடியோக்கார அண்ணன் பெட்டியைத் திறக்குமுன் பருத்திக் கையுறை மாட்டினார். ஓரத்தை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். "மங்கலா இருக்கு பாருங்க, அந்தப் பக்கந்தாம்மா படம். ஜெலட்டின். தண்ணி பட்டா ஊறி உரிஞ்சிரும். நம்ம ஊரு உப்புக் காத்துக்கே ஓரமெல்லாம் கெளம்பியிருக்கு" என்றார். ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிட்டு, லைட் பாக்ஸில் வைத்து, மேலிருந்து கேமராவில் எடுத்தார். ஒன்றுக்கு 150 ரூபாய். தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டில் அப்பத்தாவின் கல்யாணப் புதுசுப் படம் ஒன்று உண்டு, இடுப்போடு வெட்டியது. அதன் முழு நெகட்டிவைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். கன்னத்தில் மயிரிழைப் பென்சில் கோடுகள். அழுக்கு என்று நினைத்தேன். "இல்லம்மா, ரீடச். அம்மைத் தழும்பு பிரிண்ட்ல தெரியாம இருக்க நெகட்டிவ்லயே போட்டிருக்காங்க" என்றார். அப்பத்தா முகத்தில் தழும்பு இருந்தது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

படத்தில் கீழே இறங்கினால் திரைச்சீலையின் அடிப்பாதி. தூக்குப்பாலத்தின் ஒரு கை மட்டும் தீட்டி முடிந்திருக்கிறது. மறு கை சாக்பீஸ் கட்டங்களுக்குள் வெறும் கோடாக நிற்கிறது. அப்பத்தாவின் காலடியில் பெயின்ட் டப்பா, அதன்மேல் குறுக்கே ஒரு தூரிகை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் டீ வாங்கி வரச் சொன்னார்.

சொன்ன நாளைவிட மூன்று வாரம் தாமதம், அது ஒரு குறைதான். கலர் போட்டுத் தரவா என்று கேட்டார், வேண்டாமென்றேன், வற்புறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தன்னிடமும் உடைந்த கண்ணாடி ஒன்று இருப்பதாக இப்போதுதான் சொல்கிறார். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன்.