கோளாறு கப்ளரில், மாற்றியதோ இரண்டு சென்சார்கள்

டீசல் லாரி வைத்திருப்பவர்கள் எஞ்சின் வயரிங் வேலைக்கு வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. பாரத்தோடு மேடு ஏறும்போது என் வண்டியின் இழுவை திடீரென்று குறைந்து எச்சரிக்கை விளக்கு எரியும்; ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து மறுபடி எடுத்தால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறைக்காரர் ஸ்கேனரைச் செருகி, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் அழுத்த சென்சாரில் மின்னழுத்தம் குறைவதாக வந்த பிழைக்குறியைக் காட்டி, சென்சாரை மாற்றினார். சில நாட்களில் அதே குறி வந்தது. கூடவே ஆயில் அழுத்த சென்சாருக்கும் ஒன்று. அதையும் மாற்றினார். மூன்றாம் முறை போனபோது, எஞ்சினின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்.

பிழைக்குறி எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே சொல்லும். அந்தச் சுற்றில் சென்சார், வயர்களைச் செருகி இணைக்கும் கப்ளர், வயர், கம்ப்யூட்டர் ஆகிய நான்கும் அடக்கம். பல எஞ்சின்களில் ஒரே 5 வோல்ட் இணைப்பைச் சில சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், அந்த வயர் ஓரிடத்தில் இரும்பைத் தொட்டாலே அந்தச் சென்சார்கள் எல்லாமே கெட்டதுபோல் காட்டும். இரண்டு குறிகள் சேர்ந்து வந்தபோதே அவருக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

வேறொரு எலக்ட்ரீஷியன் எந்தப் பொருளையும் கழற்றாமல், எஞ்சினை ஓடவிட்டு, வயர்க் கட்டைச் சாண் சாணாக அசைத்துப் பார்த்தார். ஒரு கப்ளருக்கு அருகில் கை வைத்ததும் எஞ்சின் தடுமாறியது. அந்தக் கப்ளரின் பூட்டு உடைந்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே ரப்பர் சீல் இல்லாததால் நீர் புகுந்து பின்களில் பச்சை பூத்திருந்தது. தடித்த சோதனை முனையை யாரோ திணித்ததில் வயர் முனையில் இருக்கும் உலோக டெர்மினல்கள் வாய் பிளந்து, பின்னைப் பிடிக்கும் இறுக்கத்தையே இழந்திருந்தன. அதைவிட மோசம், 5 வோல்ட் வயரை வெட்டி, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஆயிலும் சூடும் பட்டு டேப் நெகிழ்ந்துவிட, பாரத்தில் எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஒருபக்கம் சாயும்போது மட்டும் அந்தச் செம்பு பக்கத்து இரும்புப் பிடியை உரசியிருக்கிறது. நின்ற வண்டியில் மின்னழுத்தத்தை அளந்தபோது மீட்டர் சரியாகக் காட்டியதன் காரணமும் அதுதான்.

அவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கறுத்த பகுதி முழுவதையும் நீக்கிப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டினார்; வயரின் கனத்துக்கு ஏற்ற புதிய டெர்மினல்களைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, இடம் மாறிவிடாதபடி ஒவ்வொரு வயராகப் புதிய கப்ளருக்கு மாற்றினார். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் என்ன என்று கேட்டேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும் என்றார். ஒட்டு வந்த இடங்களை ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் தள்ளித் தள்ளி வைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினார். எஞ்சின் ஆடினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டே வயர்க் கட்டைப் பிடிகளில் மாட்டினார்.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது இதற்குப் பின்புதான். பழைய ரசீதுகளைப் புரட்டியபோது, இந்தக் கோளாறு தொடங்குவதற்கு முன் சென்சார்களை மாற்றிய அதே பட்டறையில் இன்ஜெக்டர் வேலை நடந்ததும், அந்த ரசீதில் ‘வயரிங் கப்ளர், புதிது’ என்று ஒரு வரி இருந்ததும் கண்ணில் பட்டன. கழற்றும்போது பூட்டை உடைத்து, வயரை வெட்டி முறுக்கிவிட்டு, போடாத கப்ளருக்குக் காசும் வாங்கி, அதனால் வந்த கோளாறுக்கு என் செலவிலேயே இரண்டு நல்ல சென்சார்களை மாற்றியிருக்கிறார்கள். ரசீதையும் உடைந்த கப்ளரையும் கொண்டுபோய்க் காட்டினேன்; வயரிங் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். கழற்றிய சென்சார்களைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்றாம்.