டாட்டாவின் முதல் தபால் விமானம்: 1/48 ரெசின் கிட் மதிப்புரை

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி ஏறி, 25 கிலோ தபாலுடன் பம்பாயின் ஜுஹுவில் தரையிறங்கினார். சென்னைக்கான தபாலை அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். டாட்டா ஓட்டிய, வி.டி.-ஏ.டி.என். என்ற பதிவெழுத்துகளைக் கொண்ட டி ஹாவிலாண்ட் பஸ் மாத் விமானத்தின் மாதிரி என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, ரூ. 4,800 கொடுத்து இந்த 1/48 (அசலில் 48இல் ஒரு பங்கு) ரெசின் கிட்டை, அதாவது பிசினில் வார்த்த பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரித் தொகுப்பை, வாங்கினேன். சிறு பட்டறை ஒன்றின் தயாரிப்பு என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

வார்ப்பின் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. எஞ்சின் மூடியின் காற்றுத் துளைகள் கூர்மையாக வந்திருக்கின்றன, காற்றுக் குமிழிகள் அநேகமாக இல்லை, டீகால் (மாதிரியில் ஒட்டும் எழுத்துப் படங்கள்) தாள் மெல்லியதாகவும் எழுத்துகள் பிசிறில்லாமலும் இருக்கின்றன. கதவுக் கண்ணாடிகளை மட்டும் சற்று மெல்லிய தாளில் வார்த்திருக்கலாம்.

சிக்கல் அளவெடுக்கும் காலிபரை எடுத்தபோது தொடங்கியது. பஸ் மாத்தின் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 9 அங்குலம், விமானத்தின் நீளம் 25 அடி. 1/48 அளவில் அவை முறையே 233 மி.மீ., 159 மி.மீ. என வர வேண்டும். கிட்டில் இறக்கை 238 மி.மீ., நீளம் 156 மி.மீ. ரெசின் ஆறும்போது சுருங்குவது வழக்கம் என்றாலும், ஒரே வார்ப்பில் நீளம் சுருங்கி இறக்கை மட்டும் வளர்வதற்கு வழியில்லை. டி ஹாவிலாண்ட் நிறுவனம் பின்னர் வெளியிட்ட லெப்பர்டு மாத் விமானத்தின் அளவுகளை (37 அடி 6 அங்குலம், 24 அடி 6 அங்குலம்) 48ஆல் வகுத்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தின.

அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் அதே கதைதான். பஸ் மாத்தின் இறக்கை வேரிலிருந்து நுனிவரை ஏறத்தாழ ஒரே அகலமுடையது; கிட்டின் இறக்கையோ நுனியை நோக்கித் தெளிவாகக் குறுகுகிறது. பஸ் மாத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது என்பதால் சட்டத்தின் விளிம்புகள் துணிக்கடியில் மெலிதாகத் தெரிய வேண்டும். கிட்டின் பக்கங்கள் ஒட்டுப்பலகை உடலுக்குரிய வழவழப்புடன் இருக்கின்றன. சக்கரத்தின் அதிர்வுதாங்கித் தண்டு பஸ் மாத்தில் இறக்கை வேரை நோக்கி உயரச் செல்லும், இங்கே அது முன்பக்கம் எஞ்சின் தடுப்புச் சுவரில் சேர்கிறது. உள்ளே விமானிக்குப் பின்னால் இரண்டு இருக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதும் லெப்பர்டு மாத்தின் ஏற்பாடே. அந்த விமானம் முதன்முதலில் பறந்ததே 1933 மே மாதத்தில்; முதல் தபால் வந்து சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

இந்தத் தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. முதல் பயணத்தின் நினைவாக 1962இலும், தம் 78ஆம் வயதில் 1982இலும் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்தார்; இரண்டு முறையும் அவர் ஓட்டியது லெப்பர்டு மாத். அந்தப் பிற்காலப் படங்கள் '1932' என்ற தலைப்புடன் இன்றும் சுற்றி வருகின்றன, பெட்டி ஓவியமும் அவற்றையே ஒத்திருக்கிறது. ஆளும் பாதையும் சரியாக இருந்தால் விமானமும் சரியாகத்தான் இருக்கும் என்று தயாரிப்பாளர் எண்ணிவிட்டார் போலும். சரிபார்ப்பதற்கு வழியில்லாத விமானமும் அல்ல இது: மொத்தம் 284 பஸ் மாத்கள் கட்டப்பட்டன, ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூன் அருங்காட்சியகத்திலும் கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகத்திலும் ஒவ்வொன்று இன்றும் நிற்கிறது.

வண்ணக் குறிப்பையும் அப்படியே ஏற்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் நிறத்தைக் கொண்டு அடர் நீலம் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும் என்பதால், படத்தில் இருண்டு தெரியும் ஒரு பரப்பை நீலம் என்று கொள்வது தலைகீழான வாசிப்பு.

1932ஆம் ஆண்டு விமானத்தைத் தேடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். இறக்கை, உடல், சக்கரத் தண்டு மூன்றையும் மாற்றினால் கிட்டில் மிஞ்சுவது எஞ்சின் மூடியும் வாலும் டீகாலும்தான். லெப்பர்டு மாத்தாகவே கட்டுவதென்றால் கொடுத்த விலைக்கு நியாயமான பொருள். நான் அப்படித்தான் 1982ஆம் ஆண்டுப் பயணத்துக்குரிய விமானமாக முடித்தேன். வி.டி.-ஏ.டி.என். டீகாலை ஒட்டாமல் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாளில் 233 மி.மீ. இறக்கை ஒன்றை வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.